வன்னி மேடைகளில் மாண்டலின்: பிக்கப்பை விட முக்கியமான பெட்டி

மாண்டலினுக்கு எந்தப் பிக்கப் (கருவியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் சிறு துண்டு) நல்லது என்று இளம் வாத்தியக்காரர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிக்கப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் என்ன வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றே பதில் வரும். பிக்கப்பின் வயர் நேரே மிக்சருக்குள் போகும். ஒலி தகரம் போலக் கேட்கும். பழி பிக்கப்பின் தலையில் விழும்.

நான் வாசிப்பது எஃப் வடிவத் துளைகள் கொண்ட, எட்டுக் கம்பி அக்கூஸ்டிக் மாண்டலின். மேற்பலகையின் உட்புறத்தில், கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு நேர் கீழே, ஒட்டு வகைப் பீசோ பிக்கப் (அதிரும்போது மின்சாரம் பிறப்பிக்கும் வில்லை) இருக்கிறது. பற்றரி இல்லாத சாதாரண வகை. அதிலிருந்து எல்.ஆர்.பாக்ஸ் நிறுவனத்தின் பாரா டி.ஐ. பெட்டிக்கும் (பிக்கப்பின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இடைப்பெட்டி), அங்கிருந்து மிக்சருக்கும் வயர் போகிறது. கூடவே ஒரு ஷூர் எஸ்.எம்.57 ஒலிவாங்கியும் பையில் இருக்கும். வற்றாப்பளைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்கள், மாங்குளத்துப் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்கள், முழங்காவில் பக்கத்து நத்தார் நிகழ்வுகள் என்று பல வருடங்களாக இந்தக் கூட்டணியைத்தான் சுமந்து திரிகிறேன்.

எங்கள் ஊர்களில் மாண்டலின் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கர்நாடக இசைக் கலைஞர் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அவர்களின் ஒலி. அது மின்மாண்டலினின் ஒலி: இரட்டைக் கம்பிகள் இல்லை, ஒற்றைக் கம்பிகள், நீண்டு நிற்கும் நாதம், வழுக்கிச் செல்லும் கமகம். ஒலியமைப்பாளரும் அந்த ஒலியை மனதில் வைத்தே என் கருவிக்கு எதிரொலியைக் கூட்டி, நடு அதிர்வெண்களை ஏற்றிவிடுவார். அக்கூஸ்டிக் மாண்டலினின் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. மீட்டியவுடன் எழும் கூர்மை, இரட்டைக் கம்பிகளின் மினுக்கம், சட்டென்று அடங்கும் மர ஒலி ஆகிய மூன்றையும் காப்பாற்றினால் போதும். கச்சேரிக்கு முன் ஒலியமைப்பாளரிடம் போய், "தம்பி, எல்லாத் திருகிகளையும் நடுவில் வைத்துவிட்டுத் தொடங்குவோம்" என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு ஒத்துழைக்கிறார்கள்.

இனிப் பெட்டியின் வேலைக்கு வருகிறேன். பீசோ பிக்கப் மின்னியல் ரீதியாக ஒரு சிறு மின்தேக்கி. அதை எந்த உள்ளீட்டில் செருகுகிறோமோ, அந்த உள்ளீட்டின் மின்தடையோடு சேர்ந்து அது ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. பத்து நானோஃபரட் கொள்ளளவுள்ள ஒரு வில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மிக்சரின் லைன் உள்ளீடு சுமார் 10 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 1600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாகத் தேய்கிறது. மாண்டலினின் திறந்த கம்பிகள் ஜி 196, டி 294, ஏ 440, இ 659 ஹெர்ட்ஸ். அதாவது நான்கு சோடிக் கம்பிகளின் அடிநாதமும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கிறது! மேடைக்குப் போவது கம்பியின் உரசலும் மேல்நாதங்களும் மட்டுமே. அதே வில்லையை ஒரு மெகா ஓம் உள்ளீட்டில் செருகினால் அந்தக் கோடு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கருவி முழுதாகக் கேட்கும். குதிரைக்குள் வைக்கும் மெல்லிய பீசோக்களின் கொள்ளளவு இன்னும் குறைவு. அவற்றுக்கு ஒரு மெகா ஓமும் போதாமல் போகலாம். பாரா டி.ஐ.யின் உள்ளீடு 10 மெகா ஓம். விலை கூடிய பிக்கப்பை வாங்கி நேரே மிக்சரில் செருகுவதை விட, மலிவான பிக்கப்பை இப்படியொரு பெட்டி வழியாக அனுப்புவது எவ்வளவோ மேல். இதை நான் அடித்துச் சொல்வேன்.

அடுத்தது கூவல், அதாவது ஒலிபெருக்கியின் ஒலி திரும்பக் கருவிக்குள் புகுந்து கூவென்று சுழல்வது. திறந்தவெளி மேடையில் சுவர் எதிரொலி இல்லை என்பதால் கூவல் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் வாசிப்பவர் தன் ஒலியைக் கேட்க மேடையில் கால்மாட்டில் இருக்கும் ஒலிபெருக்கியான மொனிற்றர் ஒன்றே போதும். மாண்டலினின் உட்குழிவுக் காற்று 200 ஹெர்ட்ஸை அண்டித் தானாகவே அதிரும் இயல்புடையது. மொனிற்றர் அந்த ஒலியைக் கக்கினால் மேற்பலகை அதிர்ந்து, அதைப் பிக்கப் எடுத்து, திரும்ப மொனிற்றருக்கே அனுப்பும். முதலில் செய்யவேண்டியது, கருவியில் இல்லாத கீழ் அதிர்வெண்களை வெட்டிவிடுவது. கடைசிக் கம்பி 196 ஹெர்ட்ஸ் என்றால் 150க்குக் கீழே எங்களுக்கு வேலையில்லை. டிஜிட்டல் மிக்சர் என்றால் ஒலியமைப்பாளரிடம் அந்த எண்ணையே சொல்லிவிடலாம். பழைய மிக்சர்களில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் ஒரு பொத்தான்தான் இருக்கும். அப்போது பெட்டியிலுள்ள கீழ்த் திருகியையும் முழுதாக இறக்கிவிடுகிறேன். அப்படியும் கூவினால், ஒலியைக் கூவல் தொடங்கும் விளிம்பு வரை மெல்ல ஏற்றி, பெட்டியிலுள்ள, ஒரு குறுகிய அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நொட்ச் திருகியைச் சுற்றிக்கொண்டே போகவேண்டும். ஓரிடத்தில் கூவல் அறுந்து விழும். அங்கேயே விட்டுவிட்டு ஒலியைச் சற்று இறக்குங்கள். பிறகு ஜி கம்பியைத் தனியாக மீட்டிப் பாருங்கள். அது சப்பென்றாகியிருந்தால் நொட்ச் அதையும் தின்கிறது என்று பொருள். அப்போது மொனிற்றரைக் குறைப்பதே வழி. பெட்டியில் அலையைத் தலைகீழாக்கும் ஒரு பொத்தானும் உண்டு. சில மேடைகளில் அதை அழுத்துவது மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

ஒலிவாங்கியின் ஒலி பிக்கப்பை விட அழகானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி ஒரு சாண் தூரத்தில் எஸ்.எம்.57ஐ வைத்தால் மரத்தின் மூச்சே கேட்கும். துளைக்கு நேராக வைத்தால் குடமுழக்கம்தான் வரும். மொனிற்றர் ஒலிவாங்கியின் பின்புறத்துக்கு நேராக இருக்கவேண்டும், ஏனென்றால் அந்தத் திசையில்தான் அதற்குக் காது மந்தம். ஆனால் பக்கத்தில் தவில் இருந்தால் இதெல்லாம் வீண். மாண்டலின் ஒலிவாங்கியில் மாண்டலினை விடத் தவில்தான் கூடுதலாகக் கேட்கும். சோளகம் வீசும் மாதங்களில் காற்றின் உறுமல் வேறு. பஞ்சு உறையைப் போட்டே ஆகவேண்டும். எனவே கோயில் வீதிகளில் பிக்கப் மட்டும். மண்டபத்தில், வயலினும் மிருதங்கமும் மட்டும் உள்ள மேடையில், இரண்டையும் கலக்கிறேன்.

மின்சாரம் பற்றியும் சொல்லவேண்டும். பல இடங்களில் மின்பிறப்பாக்கிதான். அலங்கார விளக்குகளும் ஒலியமைப்பும் ஒரே இணைப்பில் ஓடும்போது இரைச்சல் உள்ளே வந்துவிடும். 50, 100 ஹெர்ட்ஸ் முனகலை 150இல் வைத்த வெட்டு பெரும்பாலும் தணித்துவிடுகிறது. ஆனால் விளக்குகளின் கிரீச்சிடும் இரைச்சல் மேலே இருப்பதால் அதற்கு அந்த மருந்து பலிக்காது. விளக்குகளுக்கு வேறு இணைப்புக் கேட்டு வாங்குவதுதான் தீர்வு. பாரா டி.ஐ. மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட் மின்னூட்டத்திலும் ஓடும், 9 வோல்ட் பற்றரியிலும் ஓடும். மிக்சரின் நிலைமை தெரியாத ஊருக்குப் போகும்போது நான் புதுப் பற்றரி போட்டுத்தான் கிளம்புகிறேன்.

நீண்டகாலப் பாவனையில் தெரியவந்தவை வேறு சில. வன்னி வெயிலில் மூடிய வாகனத்துக்குள் கருவியை விட்டால் பிக்கப்பின் ஒட்டு இளகும். ஒரு பக்கம் பிரிந்த பிக்கப் முழுதாகச் செத்துவிடாது. ஒலி மட்டும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும். அதனால் காரணத்தைக் கண்டுபிடிக்க நேரமெடுக்கும். திடீரென்று ஒலி மாறினால் முதலில் சிறு கண்ணாடி ஒன்றைத் துளைவழியே விட்டு உள்ளே பாருங்கள். மாரியில் பலகை ஈரம் உறிஞ்சி உப்பும், கம்பிகள் உயரும். கோடையில் இறங்கி இரையும். குதிரை ஒட்டப்படாமல் அழுத்தத்தில் மட்டுமே நிற்பதால், கம்பி மாற்றும்போது சோடி சோடியாகவே மாற்றவேண்டும்; எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் குதிரை நகர்ந்து, பிக்கப் கேட்கும் ஒலியும் மாறும். நந்திக்கடல் பக்கம் வாசித்துவிட்டு வந்தால் கம்பிகளைத் துடைக்காமல் மாண்டலினை உறைக்குள் வைத்து மூடாதீர்கள். உப்புக்காற்று அவற்றை விரைவில் கறுக்கவைத்துவிடும்.

தேவாலயப் பாடகர் குழுவோடு, உள்ளே, தாளவாத்தியம் இல்லாமல் மட்டும் வாசிப்பவருக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. நல்ல ஒலிவாங்கி ஒன்றும் உறுதியான தாங்கியும் வாங்கட்டும். தவிலுக்கோ ஒக்ராபாட் என்ற மின்தாளக் கருவிக்கோ அருகில் உட்காரவேண்டியவர் பெட்டிக்குத்தான் முதலில் பணம் சேர்க்கவேண்டும். பிக்கப்பை மாற்றுவதைப் பிறகு யோசிக்கலாம்.