தானே நிமிரும் படகு என்று 54,500 ரூபாய் வாங்கினார்கள்: மாடல் படகு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோவையில் ரிமோட் விமானம், படகு, கார் விற்கிற ஒரு கடையில் நானும் என் மகளும் ஏமாந்தோம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் போயிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஏமாற்றிய விதத்தை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே வேலையை வேறு யார் செய்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிட வேண்டும்.

நான் கோபிசெட்டிபாளையத்தில் சின்னதாக ஒரு லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் என் தாய்மாமன் சரக்குக் கப்பலில் மோட்டார்மேனாக இருந்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் பிரிட்டன் கரையில் பார்த்த உயிர்காப்புப் படகுகளைப் பற்றிச் சொல்லுவார். அலையில் கவிழ்ந்தாலும் சில நொடிகளில் தானே நிமிர்ந்துவிடும் என்பார். அந்தப் படகுகளை நடத்துவது 1824-ல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்பு அமைப்பு. மக்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது, படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். இதைக் கேட்டே வளர்ந்த என் மகள், ஒன்பதாவது படிக்கிறாள், "அப்பா, அந்தப் படகை நாமளே கட்டலாமுங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்காகத்தான் இவ்வளவும்.

எந்தப் படகு என்று ஆறு மாதம் படித்தோம். கடைசியில் வேவ்னி வகை என்று முடிவு செய்தோம். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 44 அடி படகைப் பார்த்து 1960களில் பிரிட்டன் எடுத்துக்கொண்ட வகை அது. எஃகு உடம்பு, இரண்டு டீசல் எஞ்சின், சுமார் 15 நாட் வேகம், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். 1:12 அளவில் கட்டினால் ஒரு அடிக்கு ஒரு அங்குலம், 44 அங்குலப் படகு. கணக்கு மகளுக்கும் எளிது, எனக்கும் எளிது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரரை நம்புவதற்கு முன்னால் இதைப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன். நீளம் 12-ல் ஒரு பங்கு ஆனால் எடை 12-ல் ஒரு பங்கு ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 12 × 12 × 12, அதாவது 1728-ல் ஒரு பங்கு ஆகும். அசல் படகு சுமார் 18 டன் என்றால் மாடல் பத்துக் கிலோ சொச்சம்தான் இருக்க வேண்டும். வேகத்துக்கு 12-ன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 15 நாட் என்பது மாடலில் சுமார் 4.3 நாட், மணிக்கு 8 கிலோமீட்டர். மெதுவாக ஓடுகிற ஆள் கரையோரமாகவே கூட வரலாம். எங்களுக்கு விற்றவர் "அம்பது கிலோமீட்டர் ஸ்பீடு போகுமுங்ணா" என்றார். உயிர்காப்புப் படகு மாடலுக்கு 50 கிலோமீட்டர் வேகம் சொல்கிறவருக்கு அந்தப் படகைப் பற்றி எதுவும் தெரியாது என்று அர்த்தம்.

கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய ஒரு பெட்டியை "லண்டன் கிட், ஒரிஜினல்" என்று சொல்லி 38,000 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் வரி சேரும் என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினேன். ரொக்கமாகக் கொடுக்காதது ஒன்றுதான் இன்றைக்கு எனக்குக் கைகொடுக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் ரெசின் வாடை, ஃபைபரை இறுக வைக்கிற பிசின் அது, வீடு முழுக்க அடித்தது. ஃபைபர் உடம்பு சரியாக இறுகவே இல்லை, உள்பக்கம் விரல் ஒட்டியது. பட்டறையில் சமதளம் பார்க்கிற சர்ஃபேஸ் பிளேட் மேல் வைத்துப் பார்த்தேன், முன்பக்கம் 4 மி.மீ. முறுக்கியிருந்தது. யாரோ வாங்கிய நல்ல கிட்டின் மேலேயே அச்செடுத்து, அந்த அச்சில் ஊற்றிய நகல் இது என்று பிறகு புரிந்தது. கூர்மையாக இருக்க வேண்டிய சின்னச் சின்ன விவரங்கள் மழுங்கிப் போயிருந்தன. உள்ளே வைக்கிற பலகைகள் மரீன் பிளைவுட், அதாவது தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை என்று சொல்லியிருந்தார். ஒரு துண்டை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன், ஒரு மணி நேரத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. ஐ.எஸ். 710 தரத்து மரீன் பிளைவுட் 72 மணி நேரம் கொதித்தும் பிரியக் கூடாது. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதிலுள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். எங்கள் பலகையில் முத்திரை ஏதும் இல்லை, ரப்பர் ஸ்டாம்பில் "மரீன்" என்று அடித்திருந்தது.

ப்ரொப்பெல்லர் இரண்டும் வலக்கைச் சுற்று. இரட்டை எஞ்சின் படகுக்கு ஒன்று வலம், ஒன்று இடம் வேண்டும், இல்லாவிட்டால் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும். மோட்டார் ஒன்றின் பின்மூடித் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பிரஷ் பாதி தேய்ந்திருக்கிறது. புது ஸ்டிக்கர் ஒட்டிய பழைய மோட்டார்.

அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். போனில் சொன்னபோது அவர் சண்டை போடவில்லை. அத்தனையையும் ஒப்புக்கொண்ட மாதிரி பேசினார். "கொண்டாங்ணா, எல்லாத்தையும் சரி பண்ணி, தானா நிமிர்ற மாதிரியே மாத்திக் குடுத்துர்றேன். பதினாறாயிரத்து ஐநூறு ஆகும், ஒண்ணும் கவலைப்படாதீங்ணா" என்றார். ஒரு வீடியோவும் அனுப்பினார். ஒரு படகைக் கையால் கவிழ்க்கிறார்கள், அது இரண்டு நொடியில் நிமிர்கிறது. மகள் அதைப் பத்துத் தடவை பார்த்தாள். லேத்து வேலை எனக்குத் தெரியும், ஆனால் ஈயம் உருக்கி ஊற்றுவதைக் குழந்தை இருக்கிற இடத்தில் செய்ய எனக்கு மனமில்லை. அதனால் ஒத்துக்கொண்டேன். சீட்டில் "ஈயம் 4 கிலோ, 2,400" என்று தனியாக எழுதியிருந்தார்.

ஏழு வாரம் கழித்துப் படகு வந்தது. வெளியே அழகாக இருந்ததை மறைக்கவில்லை, நீலமும் ஆரஞ்சும் பளபளவென்று அடித்திருந்தார். தூக்கும்போதே கை இழுத்தது. தராசில் 14 கிலோ 200 கிராம். கேட்டதற்கு, எடை கூடினால்தான் நிமிரும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் தோட்டத்துப் பண்ணைக்குட்டைக்குக் கொண்டுபோனோம். தார்ப்பாய் விரித்த குட்டை, பத்தடி ஆழம். மாமனார், அத்தை, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் கரையில். தண்ணீரில் விட்டதுமே படகு தளத்தின் விளிம்புவரை அமுங்கியது. மாமனார் என்னையே பார்த்தார். "ஏனுங் மாப்ள, இது எந்திரிக்குமுங்களா?" என்றார். மகள்தான் கையை விட்டுக் கவிழ்த்தாள். அது நிமிரவில்லை. அடிவயிறு மேலே தெரிய அப்படியே கிடந்தது, குமிழி குமிழியாக வந்தது, பிறகு உள்ளே போய்விட்டது. அவள் அழவில்லை. முழங்கை வரை ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

அத்தை கிணத்து மேட்டிலிருந்து பாதாளக் கரண்டியை எடுத்து வந்தார். தார்ப்பாய் கிழியக் கூடாது என்று மெல்ல மெல்லத் துழாவி, அரை மணி நேரத்தில் படகை மேலே எடுத்தோம்.

காந்தத்தை வைத்துப் பார்த்தது என் மகள். பேட்டரியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் காந்தத்தை உள்ளே விட்டாள். அது படகின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. "அப்பா, ஈயத்துல காந்தம் ஒட்டுமுங்களா?" என்றாள். ஒட்டாது, கண்ணு. உளியை வைத்துப் பெயர்த்தேன். ரெசினில் குழைத்த வார்ப்பிரும்புத் துருவல். எங்கள் பட்டறைத் தரையில் தினமும் கூட்டி அள்ளி, பழைய இரும்புக்காரருக்குப் போடுகிற அதே துருவல். அதற்கு என்னிடமே கிலோ 600 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

இது காசு விஷயம் மட்டும் இல்லை. நாலு கிலோ ஈயம் 350 மில்லி இடத்தில் அடங்கிவிடும், அடிக்கட்டையோடு ஒட்டிக் கீழே படுத்துக்கொள்ளும். துருவலும் ரெசினும் சேர்ந்த கலவை அதே எடைக்கு ஒரு லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். எடை மேலே ஏறிவிடுகிறது. அதற்கும் மேலே, ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு அதிகமான 12 வோல்ட் அமிலப் பேட்டரி இரண்டைப் பலகை போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார். ஈரம் பட்டால் துருவல் துருப்பிடித்து ஊதி ஃபைபரையும் வெடிக்க வைக்கும்.

அடியில் எடை இருப்பது மட்டும் படகை நிமிர்த்தாது. மேலே இருக்கிற அறைகள் தண்ணீர் புகாமல் மூடியிருக்க வேண்டும். கவிழும்போது அந்த அறைகள் தண்ணீருக்குள் போகும், உள்ளே இருக்கும் காற்று மேலே வரத் தள்ளும், அதே நேரம் கனமான அடிப்பாகம் உச்சியில் நிற்கும். அப்படி நிற்க முடியாமல்தான் படகு உருண்டு நிமிர்கிறது. எங்களுக்கு மாற்றிக் கொடுத்தவர் மோட்டார் சூடாகாமலிருக்க என்று சொல்லி அறையின் பின்சுவரில் நாலு துளை போட்டிருந்தார். சன்னல் கண்ணாடிகளுக்குப் பசை இல்லை, மேல்மூடிக்கு ரப்பர் இல்லை. கவிழ்ந்த நொடியிலேயே அறை நிரம்பிவிட்டது. உயிர்காப்புப் படகு என்ற பெயருக்கு எது அர்த்தமோ, சரியாக அதையே அவர் செய்யவில்லை.

அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தோம். அதில் இருப்பது வேறு படகு, மேல் அறையின் வடிவமே வேறு. கரையில் நிற்பவர்கள் கழுத்துவரை கம்பளிக் கோட்டு போட்டிருக்கிறார்கள். கோவையில் எடுத்த வீடியோ என்று அவர் சொன்னார், நானும் நம்பினேன்.

கடைக்குப் போனேன். கலவையைக் காட்டினேன். "தண்ணியில போட்டது நீங்கதானுங்ணா, அதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்றார். படகைத் தண்ணீரில் போட்டது குற்றம் என்று ஒரு கடைக்காரர் சொல்லிக் கேட்டேன். அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

படகை நாங்களே பிரித்துக் கட்டினோம். மூன்று மாதம் ஆனது. முறுக்கிய உடம்பை மரச்சட்டத்தில் கட்டி வெயிலில் வைத்து ஓரளவு நேராக்கினோம், உள்ளே எபாக்ஸி என்ற வலுவான ரெசினைப் பூசினோம். பாலியஸ்டர் ரெசின் மரத்தை நன்றாகப் பிடிக்காது, பலகைகளுக்கு எபாக்ஸிதான். ஈயத்தை உருக்காமலே, டயர் கடையில் கிடைக்கும் பழைய பேலன்ஸ் எடைகளில் காந்தம் ஒட்டாதவற்றை மட்டும் பொறுக்கி, கையுறை போட்டு நானே அடிக்கட்டையில் அடுக்கி எபாக்ஸி ஊற்றினேன். அமிலப் பேட்டரிக்குப் பதில் எடை குறைந்த நிக்கல் பேட்டரி, அதுவும் அடியோடு ஒட்டி. ஒரு இடக்கை ப்ரொப்பெல்லர் வாங்கி மாட்டினோம். துளைகளை அடைத்து, மேல்மூடி உட்காருகிற திறப்பைச் சுற்றி உயர்ந்த விளிம்பும் ரப்பர் பட்டையும் வைத்தோம். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது: ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்க வேண்டும், அவர் கொடுத்த ரிசீவரில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. குளத்தில் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறு செட் வாங்கினோம்.

இப்போது எடை 10 கிலோ 600. போன மாதம் அதே குட்டையில், அதே கரையில், மகள் கவிழ்த்தாள். மூன்று நொடி. மாமனார் கையைத் தட்டி இன்னொரு தடவை கவிழ்க்கச் சொன்னார், அவள் ஒன்பது தடவை கவிழ்த்தாள்.

யாராவது உங்களுக்கு நிமிரும் படகு கட்டித் தருகிறேன் என்றால், மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கண்முன்னால், உங்கள் படகையே தண்ணீரில் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். தொட்டி போதும், குளம் வேண்டாம். மறுத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு காந்தமும் ஒரு தராசும் கையில் கொண்டு போங்கள். வரியோடு சேர்த்தே பில் வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், புகார் எண் தருவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், ஆன்லைனிலும் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு முதலில் இது தெரியாமல், கோவைக்கு அலைய வேண்டுமே என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். இப்போது ஈரோட்டில் மனு கொடுத்திருக்கிறேன். துண்டுச் சீட்டு, யு.பி.ஐ. ரசீதுகள், கம்பளிக் கோட்டு வீடியோ எல்லாம் இணைத்தாயிற்று. பெயர்த்தெடுத்த துருவல் கட்டி 3 கிலோ 900 கிராம் இருக்கிறது. மகள் அதை ஒரு துணிப்பையில் கட்டி, கூடவே அந்தக் காந்தத்தையும் போட்டு வைத்திருக்கிறாள், விசாரணைக்கு எடுத்துப்போக.