குவாட்டர் கிளாஸ் உடைந்தால் எதைப் போடுவது? மட்டக்களப்பில் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

காரில் உள்ள கண்ணாடிகளில் ஆகச் சிறியது குவாட்டர் கிளாஸ், அதாவது டோர் மூலையிலோ தூணுக்குப் பக்கத்திலோ அசையாமல் நிற்கும் முக்கோணத் துண்டு. உடைந்தால் செலவும் ஆகக் குறைவாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கடையில் விலை கேட்ட பிறகுதான் முகம் மாறும். பல மொடல்களில், ஏறி இறங்கும் பெரிய டோர் கண்ணாடியை விட இந்த முக்கோணத் துண்டுக்கு விலை கூட. டோர் கண்ணாடி என்பது வெறும் கண்ணாடி. குவாட்டர் கிளாஸோ பல கார்களில் கண்ணாடி, அதைச் சுற்றி அச்சில் வார்த்த கறுப்பு விளிம்பு, பின்னால் கிளிப் எல்லாம் சேர்ந்த ஒரே உருப்படி. அடிக்கடி விற்கும் சாமானும் இல்லை என்பதால் கடைக்காரர்கள் இருப்பில் வைப்பதும் குறைவு.

அது உடையப் பெரிய விபத்து தேவையில்லை. வீதியோரம் புல் வெட்டும் மெஷினில் இருந்து தெறிக்கும் ஒரு சின்னக் கல் போதும். மதிலைத் தாண்டி வரும் கிரிக்கெட் பந்து, பின் சீட்டில் கிடந்த பையைக் கண்டு ஆசைப்பட்ட கை என்று வேறு வழிகளும் உண்டு. உடைந்தபின் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "கொழும்பில இருந்து பழசு ஒண்டு எடுங்க." "கண்ணாடிக் கடையில வெட்டிப் போடுங்க, அரை மணித்தியால வேல." "பேஸ்பெக்ஸ் அடிச்சிட்டு ஓடுங்க மச்சான்." (பேஸ்பெக்ஸ் என்பது கண்ணாடி போலத் தெளிவான அக்ரிலிக் பிளாஸ்டிக்.) இந்த மூன்றுக்கும் இடமுண்டு, ஆனால் எல்லாக் காருக்கும் அல்ல. அதனால் விலை கேட்பதற்கு முன்பே உங்கள் காரில் அந்தக் கண்ணாடி எதனால் பிடிபட்டு நிற்கிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் முடிவாகும்.

அக்சியோ, அலியன் போன்ற செடான்களில் அது பின் டோரின் கடைசி மூலையில் இருக்கும். ஷட்டரை, அதாவது ஏறி இறங்கும் கண்ணாடியை, இறக்கி, டோரின் உள் அட்டையைக் கழற்றி, நடுவில் செங்குத்தாக நிற்கும் சட்டத்தின் ஸ்க்ரூக்களை எடுத்தால், கண்ணாடி தன் றப்பரோடு முன்பக்கமாக இழுபட்டு வந்துவிடும். இதில் பசைக்கு வேலையே இல்லை. ஹொண்டா ஃபிட்டின் முன் தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய முக்கோணம், பல ஹட்ச்பேக்குகளில் பின் டோருக்கும் பின்னால் பொடியிலேயே (காரின் உடலிலேயே) இருக்கும் துண்டு ஆகியவை வேறு வகை. அவை பொடியோடு பசையால் ஒட்டப்பட்டவை. மூன்றாவது வகை, பழைய வாகனங்களில் றப்பர் பீடிங்குக்குள் செருகி நிற்பது. மொரிஸ் மைனரைப் பொறுத்தவரை அது இன்னும் சுலபம், கண்ணாடியே தட்டையானது.

ஏஜன்டிடம் புதிது

கார்க் கொம்பனியின் ஏஜன்டிடம் வாங்கினால் அளவு, நிறம், விளிம்பு எல்லாம் ஒன்றும் பிசகாது. விலையும் காத்திருப்பும்தான் பிரச்சினை. காப்புறுதி பணம் தருகிறது, அல்லது கார் வாங்கி ஓரிரு வருடம்தான் ஆகிறது என்றால் இதையே எடுங்கள். பன்னிரண்டு வயது அக்சியோவுக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம்.

புதிய கொப்பி

ஒரிஜினல் அல்லாமல் வேறு கொம்பனி அதே அளவில் செய்ததுதான் கொப்பி. "சைனா" என்றவுடன் ஒதுக்கத் தேவையில்லை. ஃபுயாவோ, சின்யி போன்ற சீனக் கொம்பனிகள் உலகத்துக் கார்களுக்கெல்லாம் கண்ணாடி செய்பவை. கண்ணாடியின் மூலையில் உள்ள அச்சைப் பாருங்கள். 43R என்று தொடங்கும் எண் இருந்தால், வாகனக் கண்ணாடிக்கான ஐ.நா. விதிப்படி சோதித்தது. இப்படிப்பட்ட பெரிய கொம்பனி கொப்பிகளில் கண்ணாடி கெடுவது அரிது, விளிம்பில்தான் வித்தியாசம் தெரியும். வளைவு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வெளியே அழகு கெடுவதோடு, நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று விசிலடிக்கும். இன்னொன்று, கொப்பியில் வின்ட்ஸ்கிரீன் எளிதாகக் கிடைக்கும், குவாட்டர் கிளாஸ் அப்படி அல்ல. மாருதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு வசதி உண்டு. இந்தியாவின் ஏஐஎஸ் மாருதிக்கே கண்ணாடி கொடுக்கும் கொம்பனி, ஆகவே அந்த அச்சுள்ள புதுத் துண்டை ஒரிஜினல் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பஞ்சிகாவத்தைப் பழசு

ஜப்பான் காருக்கு என் தெரிவு, கொழும்பில் பழைய பார்ட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடைகள்தான். கண்ணாடி தேயும் சாமான் அல்ல. மற்றொரு காரில் பத்து வருடம் இருந்த துண்டு கீறலில்லாமல் இருந்தால் புதிதுக்குச் சமம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களையே எல்லோரும் ஓட்டியதால் பழைய பார்ட்ஸுக்குக் கிராக்கி ஏறியது உண்மை. அப்படியிருந்தும் ஏஜன்ட் விலையோடு இதை ஒப்பிட முடியாது.

மட்டக்களப்பில் இருந்து கொழும்பு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு முக்கோணத்துக்காகப் போய்வர வேண்டாம், போனில் முடிக்கலாம். கடைக்காரர் முதலில் கேட்பது செசி கோட், அதாவது அக்சியோ என்றால் NZE141ஆ NKE165ஆ என்பது. "2012 அக்சியோ" என்று மட்டும் சொன்னால் தவறான துண்டு வர இடமுண்டு, ஏனெனில் அந்த வருடத்தில்தான் மொடல் மாறியது. அடுத்தது வலதா இடதா என்பது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வரும் வலதும் இடதும்தான் கணக்கு, காருக்கு முன்னால் நின்று பார்த்துச் சொன்னால் மாறிவிடும். உடையாத பக்கத்தைப் போட்டோ எடுத்து "இதுக்கு மறுபக்கம்" என்று வட்ஸ்அப்பில் அனுப்புவது ஆகப் பாதுகாப்பு.

நிறத்தையும் மறக்க வேண்டாம். ஜப்பான் கார்களில் பின்பக்கக் கறுப்பு பெரும்பாலும் ஸ்டிக்கர் அல்ல, கண்ணாடியே கறுப்பாக வார்த்தது. வெளிர்ப்பச்சைத் துண்டு வந்தால் அந்த மூலை மட்டும் வெளிறித் தெரியும். சில கார்களில் பின் குவாட்டர் கிளாஸில் ரேடியோ அன்டெனாக் கோடு ஓடும், அதையும் பார்த்துக் கேளுங்கள். ஒட்டும் வகை என்றால், பழைய காரில் இருந்து கழற்றியபோது கறுப்பு விளிம்பைக் கத்தியால் கிழித்திருக்கிறார்களா என்று பின்பக்கப் போட்டோவும் வாங்குங்கள். விளிம்பு கிழிந்தால் அந்தத் துண்டு பாதி விலை கூடப் பெறாது.

பார்சல் இரவு பஸ்ஸில் வந்துவிடும். சூடேற்றிக் கடினப்படுத்திய கண்ணாடிக்கு நடுவில் அடி விழுந்தாலும் தாங்கும், ஓரத்தில் தட்டினால் முழுவதும் பொரிந்து போகும். எனவே நாலு ஓரத்துக்கும் ஸ்பொஞ்ச் சுற்றி, மேலே தடித்த மட்டை கட்டச் சொல்லுங்கள். பார்சலின் மேல் "கண்ணாடி" என்று எழுதுவதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஊர்க் கடையில் வெட்டியது

காத்தான்குடி தொடங்கிக் கல்முனை வரை பிரதான வீதியில் அலுமினியக் கதவு, கண்ணாடி வேலை செய்யும் கடைகளுக்குக் குறைவில்லை. மலிவு, அன்றே கையில். ஆனால் கார் பக்கக் கண்ணாடி அறுநூறு பாகைக்கும் மேல் சூடாக்கித் திடீரெனக் காற்றால் குளிர வைத்தது. அதனால்தான் உடையும்போது கற்கண்டு போலச் சின்னத் துண்டுகளாகப் போகிறது. ஒருமுறை அப்படிச் செய்த கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, வைரம் பட்டதும் வெடிக்கும். ஆகவே கடையில் வெட்டித் தருவது யன்னல் கண்ணாடி. அது உடைந்தால் கத்தி கத்தியாக உடையும், பின் சீட்டில் பிள்ளையின் தலை இருக்கும் உயரத்தில். மலிவுக்காக இதைப் போடும் யாரோடும் நான் வாதாடத் தயார்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மொரிஸ் மைனர், பழைய லான்ட் ரோவர் போன்ற தட்டைக் கண்ணாடி வாகனங்களுக்கு லமினேட்டட் கண்ணாடி வெட்டிப் போடலாம். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அந்த வகையை வெட்ட முடியும், உடைந்தாலும் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். கடைக்காரரிடம் "லமினேட்டட்" என்று வாய்விட்டுச் சொல்லி, ஓரத்தில் அந்தப் படலத்தைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

பேஸ்பெக்ஸ்

அக்ரிலிக் ஷீட்டை வெட்டலாம், சூடாக்கி வளைக்கலாம், உடனே கிடைக்கும். துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், சில வருடத்தில் மங்கும். அதைவிடப் பெரிய சிக்கல், வெயிலில் அது கண்ணாடியை விட ஏழெட்டு மடங்கு விரியும். நாற்பது சென்ரிமீட்டர் துண்டு முப்பது பாகை கூடச் சூடானால் கண்ணாடி பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளும், அக்ரிலிக் முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டும். காலையில் குறுகி மதியம் விரியும் அந்த இழுபறியில் ஓரத்து ஒட்டு விடும். பொலிகார்பனேட் என்றால் அடிக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் அதுவும் கீறும், பெற்றோல், தின்னர் பட்டால் வெடிப்பு விடும். கொழும்புப் பார்சல் வரும்வரை மழையை மறைக்க இது போதும். ஒரு வாரத்துக்கு என்றால் தடித்த பொலித்தீனும் அதே வேலையைச் செய்யும், சல்லியும் மிச்சம். டேப்பை மட்டும் நாட்கணக்கில் வெயிலில் பெயின்டின் மேல் விடாதீர்கள், உரிக்கும்போது பெயின்டும் வரக்கூடும்.

பசை: உண்மையான போட்டி இங்கேதான்

ஒட்டும் வகைக் கண்ணாடியில், எந்தத் துண்டை வாங்கினீர்கள் என்பதை விட எதனால் ஒட்டினார்கள் என்பதே முக்கியம். கராஜில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "சிலிக்கன் அடிச்சா ஒண்டும் ஆகாது அண்ணன்." கையில் இருப்பது பாத்ரூம் சிலிக்கன். திறந்தவுடன் வினாகிரி மணக்கும் வகை இறுகும்போது அசெற்றிக் அமிலம் விடுகிறது. பழைய பசையைச் சுரண்டியபோது பெயின்டில் விழுந்த கீறலுக்குள் அது இறங்கினால் தகரம் அரிக்கத் தொடங்கும். கல்லடியிலும் கல்முனையிலும் கடற்காற்று ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, நாமும் சேர்ந்து உதவத் தேவையில்லை.

சரி, அது ஒழுகினால் பிறகு நல்ல பசை போடலாம்தானே என்றால், சிலிக்கன் பூசிய இடத்தில் எண்ணெய்ப் படலம் போல ஒன்று தங்கிவிடும். அதன்மேல் கார்க் கண்ணாடிக்கான யூரெத்தேன் பசை பிடிக்காது. அதை முழுதாக எடுப்பது முதல் வேலையை விடப் பெரிய வேலை.

கார்க் கொம்பனிகள் பாவிப்பது யூரெத்தேன். சிக்கா போன்ற பிராண்டுகளில் டியூபாக வருகிறது. பழைய யூரெத்தேனை அடிவரை சுரண்டத் தேவையில்லை, மெல்லிய படை ஒன்றை விட்டு அதன்மேல் புதிதை அடிப்பதுதான் முறை. தகரம் தெரியும் இடத்துக்கு மட்டும் பிரைமர் (பசைக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) கட்டாயம். இது காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், அந்த வகையில் நமது புழுக்கம் ஒரு வரம். அப்படியும் ஒரு நாளில் ஏறக்குறைய மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும்.

யூரெத்தேனுக்கு வெயில் ஆகாது. அதற்காகத்தான் ஒரிஜினல் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை சுட்டு அச்சிட்டிருக்கிறார்கள், அது அழகுக்கு அல்ல. வெட்டிய கண்ணாடியிலும் பேஸ்பெக்ஸிலும் அந்தப் பட்டை கிடையாது. நல்ல பசையைப் போட்டாலும் வெயில் நேரே அதில் விழுந்து சிதைக்கும்.

ஒட்டும் வேலைக்கு ஆள் தேடும்போது "என்ன பசை, பிரைமர் அடிப்பீர்களா" என்ற இரண்டு கேள்வி போதும். வின்ட்ஸ்கிரீன் மாற்றும் ஆட்களிடம் இரண்டும் இருக்கும், கூலி சற்றுக் கூடினாலும் அவர்களிடமே கொடுங்கள். பின் டோர் வகைக்கு இந்தச் செலவு வேண்டாம், பழக்கமான கராஜ் போதும். அங்கே கவனிக்க வேண்டியது உடைந்த துண்டுகளை. டோருக்குள் விழுந்தவை அடியில் உள்ள வடிகால் ஓட்டையை அடைக்கும், மழைத் தண்ணீர் உள்ளே நிற்கும். அக்வா, பிரியஸ் என்றால் பின் சீட்டருகே ஹைப்ரிட் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தையும் வெக்கியூம் கிளீனரால் உறிஞ்சச் சொல்லுங்கள்.

காப்புறுதியா, கைக்காசா

தேர்ட் பார்ட்டி என்றால் இந்தப் பேச்சே இல்லை. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். பொலிசியில் தனியாக வின்ட்ஸ்கிரீன் கவர் இருப்பது பக்கக் கண்ணாடிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல் வாசித்துப் பாருங்கள். கிளெய்ம் பண்ணினால் நோ-கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் பண்ணாததற்குக் கிடைக்கும் கழிவு) எவ்வளவு குறையும் என்று கேட்டு, பழைய துண்டின் விலையோடு அதை வைத்துப் பார்த்தால், டோர் வகைக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் லாபம். பையும் போயிருந்தால் கதை வேறு, துண்டுகளைக் கூட்டுவதற்கு முன் போட்டோ எடுத்துப் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.

வேலை முடிந்த காரை அன்றே சர்விஸுக்குக் கொண்டுபோய் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். இரண்டு நாள் கழித்து, ஒருவர் உள்ளே டோர்ச்சுடன் இருக்க, மற்றவர் சாதாரண ஹோஸால் அந்த மூலைக்குக் கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் தண்ணீர் விடட்டும். பின் குவாட்டர் கிளாஸ் என்றால் டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஸ்பெயார் சில்லு இருக்கும் குழியையும் பாருங்கள். கார்த்திகை மழைக்கு முன் இந்தச் சோதனையைச் செய்து, ஈரம் கண்டால் கூலி வாங்கியவரிடமே திரும்பக் கொண்டுபோங்கள்.