ஆன்லைன் கோர்ஸா, பேச்சு மன்றமா?

தகவல் தொடர்புத் துறையில் பத்து வருடம் வேலை பார்த்த பெண்ணுக்கும் மீட்டிங்கில் தொண்டை அடைத்துக்கொள்வது உண்டு. அப்போது கண்ணில் படும் வழிகள் இரண்டு: ஆன்லைன் கோர்ஸ், அல்லது டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சு மன்றம்.

ஆன்லைன் கோர்ஸ் தரும் தளங்களான கோர்செரா, எட்எக்ஸ் இரண்டும் 2012-ல் வந்தவை. வீடு அடங்கிய பிறகு பார்க்கலாம், புரியாத இடத்தைத் திரும்ப ஓட்டலாம். டேட்டா அனலிட்டிக்ஸ் மாதிரி புதிய விஷயங்களுக்கு இதுதான் சரி. ஆனால் வீடியோ நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

மன்றத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். 1924-ல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ், பெண்களை முறைப்படி உறுப்பினராக ஏற்றது 1973-ல்தான். நினைத்தால் இன்னும் மனம் கொதிக்கிறது. அங்கே 'டேபிள் டாபிக்ஸ்' என்று ஒரு சுற்று உண்டு. தலைப்பைச் சொன்ன கையோடு எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டும். நேரம் ஓட ஓட, பச்சை, மஞ்சள், சிவப்பு என விளக்கு மாறும். ஒருவர் நம் 'ஆ', 'ம்'களை எண்ணிக்கொண்டே இருப்பார். கடைசியில் கணக்கைச் சொல்லும்போது கூசும். அடுத்த முறை, 'ம்' வரும் இடத்தில் நாமே மூச்சு விட்டு நிற்போம். அந்த மௌனம்தான் கேட்பவருக்குத் தெளிவாகப் படுகிறது.

தெரியாததால் வரும் தயக்கம் என்றால் கோர்ஸ். எல்லாம் தெரிந்தும் குரல் எழவில்லையா? என் ஓட்டு மன்றத்துக்குத்தான். விருந்தினராகப் போய் ஒரு கூட்டம் உட்கார்ந்து பாருங்கள். சேர்வதைப் பிறகு முடிவு செய்யலாம்.