தொக்கம் எடுக்கப் போய்த் தொண்டை புண்ணானதுதான் மிச்சம்

வேலூர்ப் பக்கம் கைக்குழந்தை பால் கக்கினாலே "தொக்கம் கட்டிக்கினு கீது" என்பார்கள். அதாவது, தின்றது ஏதோ செரிக்காமல் உள்ளே சிக்கிக்கொண்டதாம்; அதை வெளியே எடுப்பதுதான் தொக்கம் எடுப்பது. என் பெண்ணுக்கு அப்போது 4 மாதம். பால் குடித்த பத்தாவது நிமிஷம் கடைவாயில் தயிர் மாதிரி வழியும். ஒரு நாளைக்கு நாலு சட்டை மாற்றுவேன். மாமியார் சொல்லச் சொல்ல எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குடியாத்தம் பக்கம் தொக்கம் எடுக்கும் ஒரு அம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

எங்களுக்கு முன்னால் பதினோரு குழந்தைகள். எங்கள் முறை வந்ததும் அந்த அம்மா வெற்றிலை மென்றுகொண்டே விரலைக் குழந்தையின் தொண்டைக்குள் விட்டார். வீறிட்டு அழுதாள். அப்புறம் வயிற்றில் ஒரு குழலை வைத்து வாயால் உறிஞ்சி, எவர்சில்வர் கிண்ணத்தில் எதையோ துப்பினார். "பாத்தியா கண்ணு, எம்மாம் பெரிய தொக்கம்!"

எட்டிப் பார்த்தால் இட்லித் துண்டு. ஓரத்தில் வெற்றிலைச் சிவப்பு. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத குழந்தை! இட்லி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நீ துன்னது பால் வழியா போயிருக்கும்" என்றார். அதையும் கேட்டுக்கொண்டு 300 ரூபாயை நீட்டிவிட்டு வந்தேன் பாருங்கள், என்னைத்தான் செருப்பால் அடிக்கவேண்டும். இன்னும் ரெண்டு வாட்டி எடுக்கணுமாம்.

ராத்திரி முழுக்கக் குழந்தை பாலைத் தொடவில்லை. எச்சிலில் ரத்தக் கோடு. விடிந்ததும் வேலூருக்கு ஓடினோம். தொண்டையில் நகக் கீறல்.

டாக்டர் எடை போட்டுப் பார்த்தார். 6.1 கிலோ, பிறந்தபோது 2.9. "எடை நல்லாத்தானேம்மா ஏறியிருக்கு. இது வெறும் எதுக்களிப்பு, மருந்தே வேண்டாம்" என்றார். இரைப்பையின் மேல்வாய்த் தசை இந்த வயதில் இறுக மூடாது. 4 மாதத்தை ஒட்டித்தான் கக்கல் அதிகம் இருக்கும். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதுக்குள் தானாக நின்றுவிடும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்து, ஏப்பம் விடவைத்து, அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்தால் போதும். கக்குகிறதே என்று குப்புறப் போடக்கூடாது, மல்லாக்கத்தான் தூங்கவைக்கணும். வாந்தி பச்சையாகவோ ரத்தத்தோடோ வந்தால், பீய்ச்சி அடித்தால், எடை ஏறாவிட்டால், மூத்திரம் குறைந்தால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

இன்னும் கக்கிக்கொண்டுதான் இருக்கிறாள். தோளில் துண்டைப் போட்டு அவளைச் சாய்த்துக்கொண்டே இதை டைப் அடிக்கிறேன். அந்த அம்மா வீட்டு வாசலில் இந்த வெள்ளிக்கிழமையும் நல்ல கூட்டமாம்.