ஜிபூட்டி போகிறீர்களா? அபே ஏரிக்கு முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு நாடான ஜிபூட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டல் வாசலில் கைப்பேசிப் படங்களைக் காட்டி ஆள் பிடிக்கும் தரகர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அபே ஏரி எத்தியோப்பிய எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. திக்கில் ஊரைத் தாண்டிய பிறகு தார்ச்சாலையை நம்ப முடியாது. கல்லும் புழுதியுமான தடம்தான். அதற்குத் தாங்கும் ஜீப், வழி தெரிந்த ஆள், இரவு தங்க அந்தப் பகுதியில் வாழும் அஃபார் மக்களின் முகாம் மூன்றும் தேவை என்பதால் தரகரிடம் போகாமல் தீராது. அவர்களுக்கும் அது தெரியும்.

எங்களிடம் பேசியவர் சாப்பாடு, முகாம் வாடகை உட்பட 80,000 ஃபிராங்க் என்றார். பணம் வாங்கும்போது டாலருக்கு 150 என்று கணக்குப் போட்டார். ஜிபூட்டி ஃபிராங்க் டாலரோடு கட்டப்பட்ட நாணயம். பல ஆண்டுகளாக 177.72தான். 450 டாலரில் முடியவேண்டியது 533 ஆனது. கேட்டதற்கு "வங்கி கமிஷன்" என்றார். சட்டைப்பையில் போன நோட்டுக்கு எந்த வங்கி கமிஷன் கேட்டதோ! வேறு வண்டி கிடைக்காததால் கொடுத்துத் தொலைத்தோம்.

நண்பகலில் வரவேண்டிய ஜீப் மாலை 4 மணிக்கு வந்தது. ஸ்டெப்னி டயர் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் நூல் தெரிந்தது. முகாமை அடைந்தபோது நல்ல இருட்டு. அங்கிருந்த பெரியவர் தன் நோட்டைப் புரட்டிக் காட்டினார்: எங்களுக்காக ஒரு காசும் வந்து சேரவில்லை. ஆனாலும் தேநீரும் சோறும் கொடுத்துப் பாய் விரித்தார். அந்தப் பணத்தை அவரிடம் தனியாகக் கொடுத்தோம், அதில் வருத்தமில்லை.

அடுத்ததுதான் பொறுக்கவில்லை. அபே ஏரியின் அழகே விடியற்காலையில்தான். 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புக் கூம்புகள், குளிர்ந்த காற்றில் அவற்றிடையே வெந்நீர் ஊற்றுகளின் ஆவி, தூரத்தில் பூநாரைகள். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனோம். ஓட்டுநரோ விடியும் முன்பே எழுப்பினார். காலையில் வேறு பயணிகளை ஏற்றவேண்டும் என்று தரகர் உத்தரவாம். வண்டி விளக்கில் இரண்டு கூம்புகளின் அடிப்பகுதி தெரிந்தது, அவ்வளவுதான்.

"திரும்பும் வழியில்" அசால் ஏரியும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். கடல்மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே உள்ள அந்த உப்பு ஏரி வேறு சாலையில் இருக்கிறது. ஓட்டுநரிடம் கேட்டபோது அவரே சிரித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, டீசலுக்குக்கூட அரைகுறையாகத்தான் கொடுத்திருந்தார்கள்.

தரகர் ஒரு ஃபிராங்க்கூடத் திருப்பித் தரவில்லை. முகாம்காரர் பொய் சொல்கிறார் என்றார். போகிறவர்கள் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், முகாம் வாடகை யார் பொறுப்பு என எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதி வாங்குங்கள். முகாமுக்கு உங்கள் எதிரிலேயே போன் போடச் சொல்லுங்கள். பாதிப் பணத்தை ஊர் திரும்பியபின் ஃபிராங்காகவே கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.