ஆம்ப்ளிஃபையரை ‘அப்கிரேட்’ செய்யக் கொடுக்கும் முன்

கோலாலம்பூர் புடு வட்டாரத்தில் உள்ள ஒரு பழுதுபார்ப்புக் கடையில், பழுதைத் தொடாமலேயே ‘அப்கிரேட்’ என்ற பெயரில் என்னிடம் 780 ரிங்கிட் வாங்கிக்கொண்டார்கள். புகார் விசாரணைக்குப் போயிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் கொண்டுபோனது என் தந்தையார் வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபையர். பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. “சிக்னல் போற வழியில இருக்கிற கெப்பாசிட்டரையும் ஐசியையும் மாத்திடுவோம் அண்ணே, இரைச்சலும் போயிடும், சத்தமும் புதுசா இருக்கும்” என்று கடைக்காரர் உறுதியளித்தார். (கெப்பாசிட்டர் என்பது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகம், ஐசி என்பது சிக்னலைப் பெருக்கும் சிறு சில்லு.) திரும்ப எடுக்கப் போனபோது, வால்யூமைத் தாராளமாகத் திருப்பிவைத்துப் பாட்டு போட்டுக் காட்டினார். ஒலி சற்றே கூடினாலும் தெளிவு கூடியதாகவே காது நம்பும் என்பதால், அளவைச் சமன்செய்யாமல் காட்டும் எந்தச் சோதனையையும் ஏற்காதீர்கள்.

வீட்டில் இரைச்சல் அப்படியே இருந்தது. ஜாலான் பாசாரில் வேறொரு தொழில்நுட்பர் மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று அலையும். அதை ஒரே திசையில் ஓடவைக்கும் டயோடுகளைத் தாண்டியபின் மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய வேண்டிய பெரிய கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோயிருந்தன. அவற்றை முதல் கடையில் யாரும் தொடவே இல்லை. புதிதாகப் போட்ட ‘ஜப்பான்’ கெப்பாசிட்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தால், பெரிய கூட்டுக்குள் மலிவான சின்னக் கெப்பாசிட்டர் ஒளிந்திருந்தது. என்இ5532 ஐசியை எடுத்துவிட்டு வைத்திருந்த ‘விலையுயர்ந்த’ ஐசியின் மேலெழுத்தோ, அசிட்டோன் தொட்டதும் அழிந்துபோனது.

பாகங்கள் அசலாகவே இருந்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 47 கிலோஓம் உள்ளீட்டைச் சந்திக்கும் இடத்தில், தாழ்ந்த ஒலிகளை அது வெட்டத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய 0.34 ஹெர்ட்ஸ், நம் காது கேட்கத் தொடங்குவதோ 20 ஹெர்ட்ஸில். நல்ல நிலையிலுள்ள கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு விலை கூடியதைப் போடுவதால் அங்கே கேட்கத்தக்க எதுவும் நிகழாது. என்இ5532 மட்டமான ஐசியும் அன்று. நாம் ரசிக்கும் பாட்டுகளில் பல, ஸ்டுடியோ மிக்சரில் அதைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன. மாறாக, அதன் இடத்தில் அதிவேக ஐசியைக் கண்மூடித்தனமாகச் செருகினால் மின்சுற்று தானாகவே அலைவுக்குள்ளாகிச் சூடேறும் அபாயம் உண்டு.

உலர்ந்த கெப்பாசிட்டர்களை மாற்றியதும் இரைச்சல் நின்றது. அதற்கான செலவு, முதலில் கொடுத்ததில் ஒரு சிறு பகுதிதான்.

பணத்தைத் திருப்பித் தரக் கடை மறுத்ததால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே அங்கு கொண்டுபோகலாம். ரசீதில் ‘அப்கிரேட்’ என்று மட்டுமே எழுதியிருப்பதுதான் இப்போது எனக்குள்ள சிக்கல். ஆகவே, மாற்றும் ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.