மூன்று பிஸ்டல், ஒரு கை: ரூகர் மார்க் ஃபோர் டார்கெட்டை நான் வைத்துக்கொண்ட கதை

எட்டு மாதமாக ரூகர் மார்க் ஃபோர் டார்கெட் என்ற .22 பிஸ்டலில் (குழலின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) சுட்டுக்கொண்டிருக்கிறேன். நாலாயிரம் தோட்டாவுக்கு மேல் போயிருக்கும். அதற்கு முன்னால் ஒரு தப்பான பிஸ்டலை வாங்கி, ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டியவன் நான். ஆகவே இது பாதி விமர்சனம், பாதி ஒப்புதல் வாக்குமூலம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நாற்பத்தேழு வயதில்தான் இந்த விளையாட்டுக்குள் வந்தேன். சின்னக் கை, படிக்கிற கண்ணாடி, ஒற்றைக் கையை நீட்டி ஒரு நிமிடம் நின்றால் தோள் கெஞ்சும். நான் சுடுவது 25 மீட்டரில், நின்றபடி, ஒரே கையில், காகித இலக்கில் மட்டும். தற்காப்பு, வேட்டை என்று தேடி வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதலில் வாங்கியது ஒரு 9 மி.மீ. சர்வீஸ் பிஸ்டல். பெயர் வேண்டாம், தப்பு அதன்மேல் இல்லை. இடுப்பில் மாட்டிக்கொண்டு அலைகிறவர்களுக்காகச் செய்த சாமானைக் கொண்டுவந்து ஐந்து செ.மீ. வட்டத்துக்குள் சுடப் பார்த்தவன் நான்தான். சுடும் ஒவ்வொரு தடவையும் குண்டு இடது பக்கம் கீழே போய் விழும். குறிபார்க்கும் சைட்டைத் திருகினேன், தோட்டாவை மாற்றினேன், விற்றவரிடம் போய்ச் சண்டை போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

கடைசியில் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், கோச் என் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) வாங்கி, எனக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு வெடிக்காத டம்மி ரவுண்டுகளைச் சொருகிக் கொடுத்தார். மூன்றாவது தடவை டிரிகரை இழுத்தபோது வெடிக்கவில்லை. ஆனால் பிஸ்டலின் மூக்கு மட்டும் கும்பிடு போடுகிற மாதிரி டக்கென்று கீழே குனிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சார், வெடிக்கும்னு பயந்து நீங்களே முன்னாடி தள்ளிடுறீங்க. இதை உள்ளே வைங்க, ஒரு .22 எடுங்க" என்றார் கோச்.

சொன்னதில் நியாயம் இருந்தது. .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு வழக்கமாக 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம்தான். உதை மிகக் குறைவு. உதை பெரிதாக இல்லாததால் பயம் தானாக விலகுகிறது, நாம் செய்கிற தப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

இயந்திர ரீதியாகவும் .22க்கு ஒரு வசதி உண்டு. பெரும்பாலான 9 மி.மீ., .45 பிஸ்டல்களில் பேரல், அதாவது குண்டு ஓடும் குழல், அசைந்து கொடுக்கும். சுட்டதும், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடோடு கொஞ்சம் பின்னே போய், பின்பாகம் இறங்கி, திரும்ப வந்து பூட்டிக்கொள்ளும். ஜான் பிரௌனிங் கொடுத்த ஏற்பாடு அது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் குண்டும் அதே இடத்தில் போகும். அதனால்தான் பந்தயத்துக்கு .45 வைத்திருப்பவர்கள் பேரலின் முனையைப் பிடித்திருக்கும் புஷ்ஷிங்கை இழைத்து இழைத்துப் பொருத்துகிறார்கள். .22 டார்கெட் பிஸ்டலில் இந்தத் தொல்லை கிடையாது. பேரல் அசையாமல் நிற்கும். பின்னால் தோட்டாவை அடைத்து நிற்கும் போல்ட்டோ ஸ்லைடோ மட்டும், தன் எடையையும் ஸ்பிரிங்கையும் நம்பி, போய் வரும்.

ரேஞ்சில் பழகியவர்களிடம் கெஞ்சி மூன்று பிஸ்டல்களை ஒரே நாளில் கையில் வாங்கினேன். ரூகர் மார்க் ஃபோர் டார்கெட், ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 41, இத்தாலியின் பார்டினி எஸ்.பி. மணல் மூட்டைமேல் வைத்து, மூன்றிலும் ஒரே பெட்டித் தோட்டாவைப் போட்டு, 25 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுட்டோம்.

பார்டினி 22 மி.மீ.க்குள் பத்தையும் அடக்கிவிட்டது. மாடல் 41க்கு 29. ரூகருக்கு 38. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தோட்டா, என் கை; இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 25 மீட்டர் பிரிசிஷன் இலக்கில் பத்து பாயின்ட் தரும் நடு வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. மூன்றில் எதுவுமே பத்தை விட்டு வெளியே போக வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்று ஒற்றைக் கையில் சுட்டேன். ரூகரில் நூற்றுக்கு 84. மாடல் 41இல் 86. மூட்டைமேல் முதலாவதாக வந்த பார்டினியில் 79! குண்டுகள் இருபது செ.மீ. அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. அதில் பிஸ்டலின் பங்கு இரண்டு, மூன்று செ.மீ.; பாக்கி முழுக்க அடியேன்.

பார்டினி ஏன் காலை வாரியது? க்ரிப், அதாவது கைப்பிடி. அது உரிமையாளரின் பெரிய உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கிய வால்நட் கட்டை. என் கையில் அடுத்தவர் பல்செட்டை வாயில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மற்றபடி அது வேறு ஜாதி. மேகசின் கைப்பிடிக்குள் இல்லாமல் டிரிகருக்கு முன்னால் உட்காருகிறது. அதனால் க்ரிப்பை எந்த வடிவத்திலும் செதுக்க இடம் கிடைக்கிறது. பேரலும் கைக்கு வெகு அருகில் தாழ்ந்து ஓடுவதால் சுட்டபின் மூக்கு அதிகம் தூக்குவதில்லை. நான்கு வினாடியில் ஐந்து இலக்குகளைச் சுடுகிற ரேபிட் ஃபயர்காரர்களுக்கு அந்த மூக்குத் தூக்கல்தான் உயிர்ப் பிரச்சினை. எனக்கு இல்லை.

மாடல் 41 பற்றி ஒன்றே ஒன்று: அதன் டிரிகர். 1957இல் வந்த வடிவமைப்பு. விரல் சுவரில் முட்டுகிறது, பிறகு கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி ஒரு 'டிக்'. அவ்வளவுதான். அன்று இரவு தூக்கத்தில்கூட அந்த 'டிக்' கேட்டது. ஆனால் 7 அங்குலப் பேரல் கொண்ட மாடல் 41ஐ, சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி நடக்கும் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே பேரல் அதிகபட்சம் 153 மி.மீ.; 7 அங்குலம் 178 ஆகிவிடும். ஐந்தரை அங்குலம் என்றால் சரி.

இனி ரூகர். 1949இல் பில் ரூகர் தொடங்கிய வரிசையின் நான்காம் தலைமுறை, 2016இல் வந்தது. வெளியே ஸ்லைடு கிடையாது. உருண்டைக் குழாய் போன்ற உடம்புக்குள் போல்ட் மட்டும் போய் வருகிறது. முன் சைட், பின் சைட், பேரல் மூன்றும் அசையாத ஒரே தொகுதியில் இருப்பதால் ஒன்றுக்கொன்று இடம் மாற வழியில்லை. பழைய மார்க் பிஸ்டல்களைக் கழற்றிச் சேர்ப்பது பெரிய வித்தை என்று பெயர் வாங்கியிருந்தது. மார்க் ஃபோரில் பின்பக்கம் ஒரு பட்டன். அமுக்கினால் மேல் பாகம் கீல் வைத்த கதவு மாதிரி திறந்து கையோடு வந்துவிடுகிறது. சோம்பேறியான என்னைப் போன்றவன் துப்பாக்கியைத் துடைக்கிறான் என்றால் அந்தப் பட்டனால்தான்.

கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கக் கோச் சொல்லித்தந்த சோதனை இது. காலி பிஸ்டல், பாதுகாப்பான திசை. கண்ணை மூடிக்கொண்டு கையை இலக்கை நோக்கித் தூக்கு. அப்புறம் கண்ணைத் திற. முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் தானாக வந்து நிற்கிறதா? மார்க் ஃபோரின் க்ரிப், ஜெர்மனியின் பழைய லூகர் பிஸ்டல் மாதிரி நன்றாகச் சாய்ந்தது. அமெரிக்க ராணுவத்தின் பழைய .45 ஆன 1911 பிஸ்டலில் பழகிய நண்பருக்கு முன் சைட் எப்போதும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அவர் போன்றவர்களுக்கு அதே ரூகர் நிறுவனம், 1911இன் சாய்வில், 22/45 என்று வேறொன்று செய்கிறது. எனக்கோ பத்துக்கு எட்டுத் தடவை சாய்ந்த க்ரிப்பில் சைட் நேராக வந்து நின்றது. நான் முடிவெடுத்தது அந்த நிமிடத்தில்தான்.

விலையும் ஒரு காரணம். மூன்றில் ரூகர்தான் எளிய விலை, பார்டினி நான் நெருங்க முடியாத உயரம். மிச்சமான பணம் தோட்டாவாக மாறியது. என் 84ஐ உயர்த்தப்போவது சுடுகிற எண்ணிக்கைதானே தவிர, பெட்டகத்தில் கிடக்கும் இத்தாலிய இரும்பு அல்ல.

குறை உண்டு. இதன் டிரிகர் எல்லாருக்கும் பொதுவாகச் செய்தது, போட்டிக்காரருக்கென்று செய்ததில்லை. 25 மீட்டர் போட்டியில் டிரிகர் குறைந்தது 1000 கிராமைத் தாங்க வேண்டும் என்பது விதி. பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரில் எடைக்கட்டியைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். நான் வீட்டில் காலி பிஸ்டலில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். பாட்டிலோடு இன்னொரு அரை லிட்டரைச் சேர்த்தும் டிரிகர் அசையவில்லை. போட்டிக்குப் போகிறவர்கள் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து உள் பாகம் மாற்றுவது வழக்கம்; நானும் கொடுத்தேன். இதைக் கையால் அரத்தால் ராவிச் சரிசெய்ய நினைக்கிற வீரர்கள் தயவுசெய்து என் பக்கத்து லேனில் நிற்க வேண்டாம்.

இன்னொன்று, மேகசின் உள்ளே இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாது. வெறும் பிஸ்டலில் பயிற்சி செய்யும்போது காலி மேகசினைச் சொருக வேண்டும். ஒவ்வொரு தடவையும் காலிதானா என்று பார்க்கிற பழக்கம் அதனால் வந்தது. வெறும் பிஸ்டலில் டிரிகர் இழுப்பதில் ரிம்ஃபயர் துப்பாக்கிகளுக்கே ஒரு பொது ஆபத்தும் உண்டு. தோட்டாவின் விளிம்பை அடிக்க வேண்டிய ஊசி, தோட்டா இல்லாதபோது சேம்பரின் (தோட்டா உட்காரும் அறையின்) விளிம்பையே கொத்திவிடலாம். ரூகரில் ஊசி அவ்வளவு தூரம் போகாமல் தடுக்க போல்ட்டில் ஒரு சின்னக் குறுக்குப் பின் இருக்கிறது. கழற்றித் துடைக்கிறபோது அந்தப் பின் திரும்ப உள்ளே போனதா என்று பாருங்கள். தீக்குச்சித் துண்டு அளவுதான், மேஜையிலிருந்து உருண்டால் போச்சு.

சைட் பற்றி ஒரு சின்னக் கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 220 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், போட்டி விதி அனுமதிக்கிற உச்சம் அது. முன் சைட் பள்ளத்தின் நடுவிலிருந்து 0.1 மி.மீ. விலகினால் 25 மீட்டரில் குண்டு 11 மி.மீ. விலகும். அரை மி.மீ. விலகினால் 57, பத்திலிருந்து எட்டுக்குப் போயாச்சு. கை மொத்தமாக ஆடுவதைவிட இந்தக் கோணல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. அதனால் இலக்கைப் பார்க்கக் கூடாது, முன் சைட்டைப் பார்க்க வேண்டும். என் வயதுக் கண்ணுக்கு அதுதான் மங்கல். கண் மருத்துவரிடம் போய், கையை நீட்டி, "இந்த விரல் நகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி" என்று கேட்டு வாங்கினேன். புதுப் பிஸ்டல் தராத ஐந்து பாயின்ட்டை அந்தக் கண்ணாடி தந்தது. சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் வைத்தால் இந்தப் பாடே இல்லை, ஐ.எஸ்.எஸ்.எஃப். போட்டியில் மட்டும் அதற்கு இடமில்லை.

தோட்டாவில் ஐந்து வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐம்பது சுட்டுப் பார்த்தேன். அதிக விலைக்கு விற்றது மூன்றாவதாக வந்தது. என் பிஸ்டலுக்குப் பிடித்தது ஒலி வேகத்துக்குக் கீழே போகிற சாதாரண ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி. உங்கள் பிஸ்டலுக்கு வேறு எதுவாவது பிடிக்கும். சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பிடித்தது கிடைத்தால் பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்ணை) பார்த்து, ஒரே எண்ணில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது பிஸ்டலைக் கழுவுவதைவிட முக்கியம். ஈயம் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பழைய பிஸ்டல் வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். மார்க் ஃபோர் என்றால் எப்போது செய்தது என்று கேளுங்கள். 2017 ஜூன் தொடக்கத்துக்கு முன் தயாரானவற்றை, சேஃப்டி லீவர் பாதியில் நின்றால் எதிர்பாராமல் வெடிக்கலாம் என்பதற்காக ரூகரே திரும்ப அழைத்துப் பாகம் மாற்றிக் கொடுத்தது. மாற்றியாயிற்றா என்று உறுதிசெய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள். இரண்டாவது, எந்த .22 ஆனாலும் சரி, காலிதான் என்று இரண்டு தடவை பார்த்தபின், டார்ச் அடித்துச் சேம்பரின் வாயைப் பாருங்கள். ஊசி கொத்திய பள்ளம் இருந்தால் பளபளப்பாகத் தெரியும். ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியை விளிம்பைச் சுற்றி ஓட்டுங்கள், எங்கேயாவது தட்டும். மிக அழகாகப் பாலிஷ் போட்ட ஒரு பிஸ்டலில் எனக்குத் தட்டியது. விற்க வந்தவர் "அது அப்படித்தான் இருக்கும் சார்" என்றார். மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.